மாஸ்டரின் காலடியில் ஒரு பிரேக்

புதுக் கார் வாங்கியவர் அந்தக் காரை வைத்துச் செய்யும் முதல் வேலை பெரும்பாலும் எலுமிச்சம்பழம் நசுக்குவதுதான். அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பரைக் கும்பிட்டு, பானெட்டுக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு டயருக்கும் நாலு பழத்தை வைத்துவிட்டுக் குடும்பமே ஒதுங்கி நிற்கும். வண்டி ஓர் அடி நகர்ந்தால் போதும். கூடுதலாக நகர்ந்தால் தேங்காயோடு முன்னால் நிற்கிற மாமாவுக்கு ஆபத்து. ஓட்டத் தெரிந்தவருக்கு இது ஒரு வேலையே இல்லை. எல்.எல்.ஆர். போட்டு ஒரு வாரம் ஆனவரிடம் சாவியைக் கொடுத்துப் பாருங்கள். ஒன்று வண்டி ஒரு குதி குதித்து ஆஃப் ஆகும், இல்லையென்றால் மாமா குதிப்பார்.

குற்றம் முழுக்கப் புது டிரைவருடையது அல்ல. பெட்ரோல் எஞ்சினுக்கு மெதுவாக ஓடத் தெரியாது. ஆக்சிலரேட்டரைத் தொடாமல் சும்மா விட்டாலே நிமிடத்துக்கு 800, 900 சுற்று சுற்றிக்கொண்டிருக்கும். அதை அதற்கும் கீழே வெகுவாக இழுத்துப் பிடித்தால் பிஸ்டன் அடுத்த அழுத்தத்தைத் தாண்ட முடியாமல் நின்றுவிடும். சிறிய காரில் முதல் கியர் போட்டால், எஞ்சின் ஏறத்தாழ 15 சுற்று சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். பழைய மாருதி 800-இன் 12 அங்குலச் சக்கரத்துக்கு டயரோடு சேர்த்துச் சுற்றளவு ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல். கணக்குப் போட்டால், எதையும் மிதிக்காமலே அந்த வண்டி மணிக்கு 5, 6 கிலோமீட்டர் வேகத்தில் போகும். விறுவிறுவென்று நடப்பவரின் வேகம் அது. அதற்குக் குறைந்த வேகம் எஞ்சினிடம் இல்லை. ஆனால் எல்லா வண்டியும் பூஜ்யத்திலிருந்துதானே கிளம்பியாக வேண்டும்?

பூஜ்யத்துக்கும் ஐந்துக்கும் நடுவே இருக்கிற அந்த இடைவெளியை நிரப்புவது கிளட்ச். சுற்றுகிற எஞ்சினையும் நிற்கிற சக்கரத்தையும் ஒரு தட்டு வழியாக உரசவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஒரே சுற்றுக்குக் கொண்டுவருகிறது. உரசலில் நழுவிப்போகும் ஆற்றல் வெப்பமாகும். அந்த நிலையில் காலை நிறுத்திவைப்பதைத்தான் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்கள் 'ஹாஃப் கிளட்ச்' என்கிறார்கள். மதுரையில் கார் கற்ற யாரும் இந்தச் சொல்லை மறந்திருக்க மாட்டார்கள். "விடாதீங்க, விடாதீங்க, அப்படியே வைங்க" என்று அதோடு ஒட்டிவரும் குரலையும் மறந்திருக்க மாட்டார்கள்.

கற்றுக்கொள்ள அதிசயமான கார் எது என்று யோசித்தால் ஆளுக்கொரு பெரிய வண்டி நினைவுக்கு வரும். ஜப்பானில் சில பயிற்சிப் பள்ளிகள் பி.எம்.டபிள்யூ காரில் கற்றுக்கொடுப்பதுண்டு. அங்கே டாக்ஸிக்காகவே உருவான டொயோட்டா கம்ஃபர்ட்டைப் பயிற்சிக் காராகவும் விற்றார்கள். சீனாவில் ஒரு தலைமுறையே ஃபோக்ஸ்வாகன் சான்டானாவில் கற்றது. எனக்கென்னவோ அழகர்கோவில் ரோட்டில் விடியற்காலையில் உருண்டுபோகும் டிரைவிங் ஸ்கூல் சின்னக் கார்தான் இவை எல்லாவற்றையும்விட விசித்திரமாகத் தெரிகிறது. அதில் ஒரு ஸ்டியரிங்கும் இரண்டு பிரேக்கும் இருக்கின்றன.

1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 24-ஆவது விதி, டிரைவிங் ஸ்கூல் வண்டிகளில் மோட்டார் சைக்கிளைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இரட்டைக் கட்டுப்பாடு வேண்டும் என்கிறது. பள்ளியில் கரும்பலகை, எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் ஷூ, பஞ்சர் ஒட்டும் சாமான், முதலுதவிப் பெட்டி, ஏன், மோட்டார் வாகனம் பற்றிய புத்தகங்கள்கூட இருக்க வேண்டும் என்கிறது. சில பள்ளிகளின் முன்னறையில் ஒரு கியர்பாக்ஸ் தூசி படிந்து கிடப்பதன் ரகசியம் இதுதான். எல் போர்டுக்கும் அளவு உண்டு. 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையாத வெள்ளைப் பரப்பில், 10 சென்டிமீட்டருக்குக் குறையாத உயரத்தில் சிவப்பு எழுத்து. காருக்கான பயிற்சி 21 நாளுக்குக் குறையக்கூடாது. அதில் கையில் ஸ்டியரிங் பிடித்து ஓட்டும் நேரம் 10 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. 10 மணி நேரம் யாருக்கு உண்மையில் கிடைக்கிறது என்பதை அவரவர் அனுபவத்துக்கு விட்டுவிடுகிறேன்.

இரண்டாவது பிரேக்கின் அமைப்பு வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது. மாஸ்டர் உட்காரும் இடது பக்கத்தில் கிளட்ச், பிரேக் என்று இரண்டு பெடல். அங்கிருந்து ஓர் இரும்புத் தண்டோ கேபிளோ ஓடி, டிரைவர் பக்கத்துப் பெடலோடு சேர்கிறது. மாஸ்டர் மிதித்தால் கற்பவரின் பெடலும் தானாகக் கீழே இறங்கும். முதல் தடவை பார்க்கிறவருக்குக் கருப்பரே வந்து மிதித்த மாதிரி இருக்கும். ஆக்சிலரேட்டர் மட்டும் பெரும்பாலும் அந்தப் பக்கம் இருக்காது. வண்டிக்கு வேகம் கூட்டுவது மாஸ்டரின் வேலை இல்லை, பறிப்பதுதான் வேலை. பறிப்பதில் அவர் கட்டாயம் ஜெயிப்பார். சின்னக் கார் நின்ற நிலையிலிருந்து மணிக்கு 50 கிலோமீட்டரை எட்ட நாலைந்து விநாடியாவது பிடிக்கும். அதே 50-இலிருந்து உலர்ந்த ரோட்டில் நிற்க இரண்டு விநாடியே அதிகம். எந்தக் காரிலும் எஞ்சினைவிடப் பிரேக்குக்குத்தான் பலம் ஜாஸ்தி.

ஆபத்தைக் கண்டு, புரிந்து, காலை நகர்த்தி மிதிக்க ஒருவருக்கு ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 36 கிலோமீட்டரில் போகும் வண்டி அதற்குள் 10 மீட்டர் போயிருக்கும். மாஸ்டரின் கால் முன்கூட்டியே பெடலுக்கு மேலே காத்திருப்பதால், காலை நகர்த்தும் நேரம் அவருக்கு மிச்சம். அனுபவப்பட்டவர்கள் ரோட்டை மட்டும் பார்ப்பதில்லை, கற்பவரின் வலது பாதத்தையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த வசதிக்கு ஒரு விலையும் உண்டு. முதல் வாரம் நாம் ஓட்டியதாக நினைத்துக்கொள்வதில் பாதி, மாஸ்டர் ஓட்டியது. சொந்தக் காரை எடுத்த அன்றுதான் அது தெரியவரும்.

எழுபதுகளில் கற்றவர்களுக்கு அம்பாசடரும் ஃபியட்டும்தான் பள்ளிக்கூடம். ஸ்டியரிங் தண்டிலேயே கியர், முன்னால் பெஞ்ச் சீட், பவர் ஸ்டியரிங் என்ற பேச்சே கிடையாது. பழைய அம்பாசடரின் முதல் கியருக்கு, சுற்றுகளைச் சமப்படுத்தும் சிங்க்ரோமெஷ்ஷும் கிடையாது. உருளும் வண்டியில் அந்தக் கியரைப் போட முயன்றால் கியர்பாக்ஸ் கத்தும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து இந்தத் தண்டனையை முடித்துவைத்தது. 650 கிலோ எடை, 796 சிசி, மூன்று சிலிண்டர். பானெட் எங்கே முடிகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும் வரைக்கும், அதற்குப் பிறகும், டிரைவிங் ஸ்கூல்கள் அதை விடவில்லை. விலை, மைலேஜ் என்று காரணம் சொல்வார்கள். அது கற்பவரின் தப்பை மறைக்காத கார் என்பதுதான் என் கட்சி. கிளட்சைப் பட்டென்று விட்டால் குலுங்கும், இன்னும் விட்டால் ஆஃப் ஆகும். தப்புக்கும் தண்டனைக்கும் நடுவே அரை விநாடி. எந்த வாத்தியாராலும் அவ்வளவு சீக்கிரம் திருத்த முடியாது.

அதே எஞ்சின் இன்னொரு பள்ளிக்கூடத்தையும் நடத்தியது. கோயம்புத்தூரின் எஸ். கரிவரதன், மாருதி 800 எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று பேர். கூரை இல்லை, கதவு இல்லை, பின் சீட் இல்லை. எடை குறைந்ததும் ஊரெல்லாம் காய்கறி வாங்கப் போன எஞ்சின் சீறத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூர் பந்தயத்தளத்தில் இந்தக் காரில்தான் நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டி, முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார். பிறகு பிரான்ஸில் பந்தயப் பள்ளிப் படிப்பு. 2005-இல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர். கரிவரதன் அதைப் பார்க்க இல்லை. 1995-இல் சிறு விமானம் ஒன்று விழுந்து இறந்துபோனார். கற்பவருக்கான கார் என்றால் இதுவும்தான். ஒரே வித்தியாசம், பக்கத்தில் மாஸ்டர் உட்கார இடம் கிடையாது.

மறுபடி அழகர்கோவிலுக்கு வருவோம். மதுரையிலிருந்து மூன்றுமாவடி, கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி வழியாக வரும் 20 சொச்சம் கிலோமீட்டரும் கிட்டத்தட்டச் சமதரை. கோவிலைத் தாண்டிப் பழமுதிர்சோலைக்கு ஏறும் மலைப்பாதையில்தான் பாடம் ஆரம்பிக்கிறது. பத்துக்கு ஒன்று என்ற சரிவில் ஆளோடு சேர்த்து 800 கிலோ இருக்கும் காரைப் பின்னால் இழுக்கும் விசை 80 கிலோ எடைக்குச் சமம். முன்னால் ஒரு குரங்கு குறுக்கே உட்கார்ந்து வண்டியை நிறுத்திவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள் (அந்த மலையில் இது கற்பனை அல்ல). மறுபடி கிளம்பக் காலைப் பிரேக்கிலிருந்து எடுத்த நொடியிலிருந்து வண்டி பின்னால் உருளும். முதல் விநாடியில் அரை மீட்டர், இரண்டு விநாடி முடியும்போது இரண்டு மீட்டர். நேரம் இரட்டித்தால் தூரம் நாலு மடங்கு. கலிலியோ சாய்தளத்தில் குண்டு உருட்டிக் கண்ட அதே கணக்கு.

இதற்குத்தான் ஹேண்ட் பிரேக். அது பின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, கிளட்சை மெல்ல விட்டால் எஞ்சின் சத்தம் கொஞ்சம் கம்மும். பானெட் லேசாக எழும். முன் சக்கரங்கள் இழுக்கத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். அப்போது ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்வாங்காது. லைசென்ஸ் தேர்வுக்கான 15-ஆவது விதியும் இதைக் கேட்கிறது: செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்பிக் காட்ட வேண்டும். புதுக் கார்களில் ஏற்றத்தில் இரண்டு விநாடி தானே பிரேக் பிடித்துக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் அதிலேயே கற்றவர் அது இல்லாத வண்டியில் ஏறினால், அந்த இரண்டு விநாடிக்குரிய இரண்டு மீட்டரைப் பின்னால் இருப்பவர் கொடுக்க வேண்டியிருக்கும்.

மலை இன்னொன்றையும் கற்றுக்கொடுக்கிறது: கண்ணை எங்கே வைப்பது என்று. 1972-இல் அமெரிக்காவில் ஆய்வாளர்கள் மோரன்ட், ராக்வெல் இருவரும் புது டிரைவர்களின் பார்வையைப் பதிவு செய்தார்கள். அந்தப் புது டிரைவர்கள் வண்டிக்கு வெகு அருகிலேயே பார்த்தார்கள், கண்ணாடியைக் குறைவாகப் பார்த்தார்கள். 1994-இல் மைக்கேல் லாண்ட், டேவிட் லீ இருவரும் எடின்பரோவில் ஒரு மலையைச் சுற்றும் சாலையில் டிரைவர்களின் கண்ணைப் பின்தொடர்ந்தபோது வேறொன்று தெரிந்தது. வளைவில் பழகிய கண், திரும்பும் பக்கத்து ரோட்டோரம் நம்மை நோக்கிப் பிதுங்கித் தெரியும் புள்ளியில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஓரிரு விநாடி முன்கூட்டியே. அந்தப் புள்ளியின் கோணம்தான் ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடிக்க வேண்டும் என்று கைக்குச் சொல்கிறது. இதை யாரும் சொல்லித் தந்து நாம் கற்கவில்லை. மாஸ்டர் "தூரமாப் பாருங்க" என்று மட்டும்தான் சொன்னார்; மிச்சத்தைக் கண் தானே செய்துகொண்டது.

இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுபவர்களுக்கு ஒரு கணக்கு. அந்த 800 கிலோ 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிவரும் ஆற்றல் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். கியரில் இருந்தால் அதில் ஒரு பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் கிட்டத்தட்ட முழுவதும் பிரேக்கின் தலையில்.

இனி வரும் மின்சாரக் கார்களில் இந்தத் தொல்லை பாதிக்கு மேல் இருக்காது. மின்மோட்டார் பூஜ்யச் சுற்றிலேயே முழு விசையோடு இழுக்கும். கிளட்சும் வேண்டாம், ஹாஃப் கிளட்சும் வேண்டாம். பிரிட்டனில் கியர் மாற்றத் தேவையில்லாத காரில் ஓட்டித் தேர்வில் தேறினால் அந்த வகைக் காருக்கு மட்டும்தான் லைசென்ஸ். நம் சட்டத்தில் கியர் உண்டா இல்லையா என்ற பிரிவு மோட்டார் சைக்கிளுக்கு மட்டுமே. ஆகவே எதில் கற்பது என்பது நம் இஷ்டம். என்னைக் கேட்டால், எடை குறைந்த, கியர் உள்ள, ஆஃப் ஆகத் தயங்காத பழைய சின்னக் காரிலேயே ஆரம்பியுங்கள். சித்திரை மாதத்தில் அழகர் மதுரைக்குப் புறப்படும் நாட்களில் மட்டும் அந்த ரோட்டுப் பக்கம் போக வேண்டாம்.

மலைப்பாதையில் முன்னால் எல் போர்டு வண்டி ஏதாவது ஆஃப் ஆகி நின்றால், ஹாரன் அடிக்காமல் மூன்று மீட்டர் விட்டு நில்லுங்கள்.