சர்வர் மெதுவா? முதலில் மணியைக் குறியுங்கள்

ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரு தளம் ஓடுகிறது. காலையில் தட்டியவுடன் திறக்கிறது. மதியம் 12 விநாடி சுற்றிக்கொண்டே நிற்கிறது. சப்போர்ட்டுக்கு டிக்கெட் போட்டு, அவர்கள் வந்து பார்க்கும்போது மறுபடியும் தட்டியவுடன் திறக்கிறது. 'எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது' என்று பதில் வரும். அது பொய்யில்லை, அவர்கள் பார்த்த நிமிடத்தில் சரியாகத்தான் இருந்தது. விட்டுவிட்டு வரும் மந்தத்தில் 'என்ன கோளாறு' என்று தேடும் முன் 'எத்தனை மணிக்கு' என்று குறித்துவைக்க வேண்டும் என்பதுதான் இந்தக் காணொளியில் நான் சொல்ல வருவது. நேரம் தெரியாமல் பிளகினை நீக்கினால், தானாக இறங்கிய காய்ச்சலுக்கு மாத்திரை பேர் வாங்கிக்கொள்ளும். அடுத்த வாரம் காய்ச்சல் திரும்பவும் வரும்.

பெரும்பாலோர் முதலில் சந்தேகிப்பது அதே சர்வரில் இருக்கும் மற்ற தளங்களை. ஒண்டுக்குடித்தனத்தில் குழாயில் தண்ணீர் நின்றால் பக்கத்து போர்ஷனைத் திட்டுகிற பழக்கம்தான். ஒரு காலத்தில் அது நியாயமான சந்தேகம். ஆனால் 2010-ல் வெளிவந்த கிளவுட்லினக்ஸ் போன்ற ஏற்பாடுகள் போர்ஷனுக்கு ஒரு மீட்டர் வைத்துவிட்டன: ஒவ்வொரு கணக்குக்கும் சிபியு, மெமரி, ஒரே நேரத்தில் ஓடக்கூடிய பிஎச்பி வேலைகள் எல்லாவற்றுக்கும் தனி வரம்பு. இதில் கவனிக்க வேண்டிய விஷயம், சிபியு வரம்பைத் தொட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது, வேலை மெதுவாகும், அவ்வளவுதான். கணக்கு போட்டுப் பாருங்கள். உங்களுக்கு ஒரு கோர் அளவு. ஒரு பக்கத்தைத் தயாரிக்க அரை விநாடி சிபியு வேண்டும். ஒரே விநாடியில் 10 பேர் வந்தால் 5 விநாடி வேலை சேர்கிறது, கடைசி ஆள் 5 விநாடி காத்திருக்கிறார். இன்னும் கூட்டம் சேர்ந்து ஓடும் வேலைகளின் எண்ணிக்கையும் வரம்பைத் தாண்டினால்தான் 508 என்ற பிழை தலைகாட்டும். ஆக, பக்கத்து வீட்டைத் திட்டும் முன் சிபேனலில் 'ரிசோர்ஸ் யூசேஜ்' பக்கத்தைத் திறந்து, அங்கே ஃபால்ட் என்ற நெடுவரிசையில் பூஜ்யம் தவிர வேறு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

'டேட்டாபேஸும் டிஸ்க்கும் பொதுதானே, பக்கத்துக்காரர் அதைப் பிடித்து உறிஞ்சினால்?' என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. மீட்டர் தனி என்றாலும் மோட்டார் ஒன்றுதான். அதனால்தான் ஊகத்தை விட்டுவிட்டு நான்கு முகவரிகளை அளக்கச் சொல்கிறேன். ஒன்று, வெறும் எழுத்துக் கோப்பு. இரண்டு, எதுவும் செய்யாத ஒரு வரி பிஎச்பி. மூன்று, டேட்டாபேஸிடம் ஒரே ஒரு சின்னக் கேள்வி கேட்கும் பிஎச்பி. நான்கு, உங்கள் முகப்புப் பக்கம். கர்ல் கட்டளையில் இணைப்பு நேரத்தையும் முதல் பைட் வந்த நேரத்தையும் தனித்தனியாக எடுக்கலாம். நிமிடத்துக்கு ஒருமுறை, மூன்று நாள் ஓடட்டும், முகவரிக்கு 4,320 வரிகள் கிடைக்கும். இணைப்பு நேரமே இழுத்தால் முதலில் வழியில் இருக்கும் நெட்வொர்க்கைப் பாருங்கள். இணைப்பு சரி, எழுத்துக் கோப்பே தாமதம் என்றால் சந்தேகம் பொது டிஸ்க், வெப் சர்வர் பக்கம். அது வேகம், வெறும் பிஎச்பி தாமதம் என்றால் உங்கள் மீட்டர் முட்டியிருக்கலாம். முதல் இரண்டும் வேகம், மூன்றாவது இழுத்தால் டேட்டாபேஸ். முதல் மூன்றும் பறந்து முகப்பு மட்டும் தவழ்ந்தால் உங்கள் நிரலைத்தான் பார்க்க வேண்டும். முன்னால் சிடிஎன் இருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு நேரே சர்வரை அளந்து பாருங்கள், இல்லாவிட்டால் சிடிஎன்னின் வேகத்தைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

சராசரியை மட்டும் நம்பாதீர்கள். மணிக்கு 60 அளவுகளில் 57 முறை 0.3 விநாடி, 3 முறை 12 விநாடி என்றால் சராசரி 0.9 விநாடிக்கும் கீழே நிற்கும், யாரும் கவலைப்பட மாட்டார்கள். அந்த மூன்று முறையும் எந்த மணியில் விழுந்தன என்பதில்தான் துப்பு இருக்கிறது. பேக்கப் வேலைகளை நள்ளிரவுக்குப் பிறகு வைப்பது வழக்கம், ஆனால் யாருடைய நள்ளிரவு? சர்வர் டல்லஸில் இருந்து அந்த ஊர் மணியில் ஓடினால், அதிகாலை 2 மணி பேக்கப் நமக்கு மதியம் 1.30. அமெரிக்காவில் மார்ச்சில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், நவம்பரில் பின்னே இழுப்பார்கள். ஆகவே கோடையில் அதே பேக்கப் நமக்கு 12.30-க்கு வரும். உங்கள் மந்தமும் அதே மாதங்களில் அதே ஒரு மணி நேரம் நகர்ந்தால், அது சென்னை வாசகர்களின் கூட்டத்தால் வந்ததில்லை, டல்லஸ் கடிகாரத்தைப் பார்த்து ஓடும் வேலையால் வந்தது. இதைவிடத் தெளிவான சாட்சி லேசில் கிடைக்காது.

நேரம் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடந்தால் அணுகல் லாக்கை எடுத்து அந்த நிமிடங்களை மட்டும் படியுங்கள். வேர்ட்பிரஸின் லாகின் பக்கத்தையோ எக்ஸ்எம்எல்ஆர்பிசி கோப்பையோ ஒரே ஐபி நூறு முறை தட்டியிருக்கலாம். வேர்ட்பிரஸ் தன் கிரான் வேலைகளை யாராவது பக்கத்தைத் திறக்கும்போதுதான் கிளப்பும், அதுவும் உங்கள் மீட்டரிலேயே ஏறும். டேட்டாபேஸின் மந்த வினவல் லாக் காலியாக இருக்கிறது என்று நிம்மதி அடைய வேண்டாம். மைஎஸ்கியூஎல் வழக்கமாக 10 விநாடிக்கு மேல் ஓடுவதைத்தான் அதில் எழுதும், 9 விநாடி வினவல் சத்தமில்லாமல் தப்பிவிடும்.

'இவ்வளவு எதற்கு, கேஷ் பிளகின் போட்டால் போதாதா?' போடலாம், நல்லதுதான். ஆனால் கேஷ் எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரியும் பக்கங்களைத்தான் காப்பாற்றும். கூடையில் பொருள் வைத்தவர், லாகின் செய்தவர், பணம் கட்டப் போகிறவர் எல்லோரும் பழைய வரிசையிலேயே நிற்பார்கள். கடைத் தளத்துக்கு அவர்கள்தான் முக்கியம். பெரிய பிளானுக்கு மாறினாலும் இதே சிக்கல்: மீட்டர் முட்டியிருந்தால் உதவும், பொது டிஸ்க்தான் காரணம் என்றால் அதே கட்டடத்தில் பெரிய போர்ஷனுக்குக் குடிபோன கதைதான்.

டிக்கெட் எழுதும்போது 'தளம் மெதுவாக இருக்கிறது' என்று எழுதாமல், யூடிசி நேரம், நான்கு முகவரிகளின் எண்கள், ஃபால்ட் எண்ணிக்கை, எந்தெந்த நாள் என்று நான்கைந்து வரிகளை ஒட்டி அனுப்புங்கள். எழுத்துக் கோப்பே மூன்று நாளும் அதே மணியில் இழுத்திருந்தால், அந்த மணியில் சர்வரில் என்ன ஓடுகிறது என்று கேளுங்கள். பேக்கப்பை நகர்த்த முடியாது என்றால் வேறு சர்வருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். மாறிய பிறகும் அந்த அளவீட்டை இன்னும் மூன்று நாள் ஓட விடுங்கள்.