அதிரடிப் படங்களில் இசையின் பொருளும் அதன் மொழிபெயர்ப்பும்

திரைப்படக் காட்சிக்குத் துணையாக ஒலிக்கும் இசையைத் தமிழில் 'பின்னணி இசை' என்கிறோம். இத்தொடர் இசையின் இடத்தைச் சுட்டுகிறதேயன்றி அதன் பணியைச் சுட்டுவதில்லை. செவிப்புலன் குறைந்தோருக்காகத் திரையில் எழுதப்படும் குறிப்புரைகளை மொழிபெயர்ப்போர்க்கு இக்குறை பெரிதாகும். அதிரடிக் காட்சி எதுவாயினும் 'பரபரப்பான இசை' என்றெழுதி அமைதல் எளிது. அவ்வாறு எழுதுவதால் இழக்கப்படுவது யாது என்பதை ஹாலிவுட் இசையமைப்பாளர் மூவரின் அணுகுமுறைகள் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

முதலாவது, இன்மை. 1968இல் வெளிவந்த 'புல்லிட்' படத்திற்கு இசையமைத்தவர் லாலோ ஷிஃப்ரின். சான் ஃபிரான்சிஸ்கோ தெருக்களில் இரு கார்கள் ஒன்றையொன்று மெல்லப் பின்தொடரும்வரை இசை ஒலிக்கிறது. துரத்தல் வேகம் கொள்ளும்போது நின்றுவிடுகிறது. பின்னர் எஞ்சின்களின் உறுமலும் டயர்களின் கிறீச்சொலியுமே கேட்கின்றன. 'வா' என்னும் ஏவலில் விகுதி இல்லை. 'வாருங்கள்' என்பதோடு ஒப்பிடுகையில் அவ்வின்மையே ஒருமையை உணர்த்துகிறது. மொழியியலார் இதனைச் சுழியுருபு என்பர். ஷிஃப்ரினின் மௌனமும் இத்தகையதே. முன்னர் இசை இருந்தமையால்தான் பின்னர் அதன் இன்மை பொருள் பெறுகிறது.

இரண்டாவது, மேற்கோள். 1988இல் வெளிவந்த 'டை ஹார்ட்' படத்தில் மைக்கேல் கேமன், பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியில் வரும் மகிழ்ச்சிப் பாடலின் மெட்டைக் கொள்ளையர்க்கு உரியதாக்குகிறார். துணுக்குகளாக ஒலித்துவந்த அம்மெட்டு, பெட்டகம் திறக்கும்போது முழு இசைக்குழுவில் எழுகிறது. மானுட சகோதரத்துவத்தைப் போற்றும் இசை கொள்ளையின் வெற்றியைக் கொண்டாடுகிறது. இங்குப் பொருள் மெட்டில் மட்டும் இல்லை. அதன் மூலத்தை அறிந்தோர் உணரும் முரணிலும் உள்ளது.

மூன்றாவது, நீட்சி. 2008இல் வெளிவந்த 'தி டார்க் நைட்' படத்திற்கு ஹான்ஸ் சிம்மரும் ஜேம்ஸ் நியூட்டன் ஹோவர்டும் இணைந்து இசையமைத்தனர். ஜோக்கர் என்னும் பாத்திரத்திற்குச் சிம்மர் வழக்கமான மெட்டு எதனையும் அமைக்கவில்லை. நரம்பிசையில் ஒரு சுரத்தையே நீட்டி இறுக்குகிறார். நம் அளபெடையைப் போன்று, இங்கு ஒலியின் நீட்சியே பயன் விளைக்கிறது. மெட்டாயின் ஓரிடத்தில் முடிவு பெறும். இந்நீட்சியோ முடிவை மறுத்து அச்சத்தை வளர்க்கிறது.

இம்மூன்றினையும் 'பரபரப்பான இசை' என்னும் ஒரே தொடரால் பெயர்ப்பது, மூன்று வேறு சொற்களுக்கு ஒரே பொருள் எழுதும் அகராதியை ஒக்கும். 'இசை நிற்கிறது, எஞ்சின் ஒலி மட்டும்', 'பேத்தோவனின் மகிழ்ச்சிப் பாடல் முழு இசைக்குழுவில்', 'ஒற்றைச் சுரம் நீண்டு இறுகுகிறது' எனக் குறிப்பின், சொற்கள் சில மிகும், பொருளோ காக்கப்படும். இசையைக் கேட்க இயலாதவர்க்கு அக்குறிப்புரையே இசை. ஆதலின், உரையாடலை மொழிபெயர்க்கும்போது கொள்ளும் கவனம் இதற்கும் உரியதாகும்.