பெஞ்சில் ஓர் இடம்

பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருகிறது. நாம் என்ன கேட்கிறோம்? "இன்று என்ன படித்தாய்?" என்று கேட்கிறோம். நல்ல கேள்விதான். இன்னொரு கேள்வியும் இருக்கிறது. "இன்று யார் பக்கத்தில் உட்கார்ந்தாய்?" இதை நாம் அதிகம் கேட்பதில்லை.

பள்ளியில் பிள்ளைகள் எழுத்தும் கணக்கும் மட்டும் படிப்பதில்லை. 'நான் யார்? இந்த ஊரில் எனக்கு இடம் உண்டா?' என்பதையும் படிக்கிறார்கள். இதற்குப் பாடப்புத்தகம் கிடையாது. உட்காரக் கிடைக்கும் இடம், ஆசிரியர் கூப்பிடும் பெயர், கூட்டாளிகள் பேசும் பேச்சு, இவைதான் பாடம். பள்ளியும் ஊரும் சேர்ந்து இந்தப் பாடத்தை எழுதுகின்றன.

நம் அமரவிளைக்கு அதிக தூரம் இல்லாத ஓர் ஊரில் இது நடந்து காட்டியது.

எழுதத் தெரியாத தலைவர்

விழிஞ்ஞம் பக்கத்தில் வெங்ஙானூர் என்று ஓர் ஊர். 1863ஆம் ஆண்டு அங்கே அய்யங்காளி பிறந்தார். வயலில் உழைத்த புலையர் சமூகத்தைச் சேர்ந்தவர். அந்த மக்கள் அன்று பொதுவழியில் நடக்க முடியாது. நல்ல துணி உடுத்த முடியாது. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவும் முடியாது. அய்யங்காளியும் பள்ளிக்குப் போகவில்லை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

1893ஆம் ஆண்டு அவர் ஒரு வில்வண்டி வாங்கினார். வெள்ளைத் துணி உடுத்தி, தலைப்பாகை கட்டி, பொதுவழியில் வண்டியை ஓட்டினார். அடிதடி நடந்தது. அவர் வண்டியை நிறுத்தவில்லை.

வழி கிடைத்தால் போதுமா? பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டாமா? 1904ஆம் ஆண்டு வாக்கில் வெங்ஙானூரில் ஒரு சிறு பள்ளிக்கூடம் கட்டினார். எதிரிகள் அதைத் தீ வைத்து எரித்தார்கள். அவரும் அவருடைய ஆட்களும் மறுபடியும் கட்டினார்கள்.

1907இல் சாது ஜன பரிபாலன சங்கம் தொடங்கினார். எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று வயல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏறக்குறைய ஓராண்டு நடந்தது. வயல்கள் தரிசாகக் கிடந்தன. வேலை இல்லாதவர்களை விழிஞ்ஞம் மீனவர்கள் தங்கள் வள்ளங்களில் கூட்டிக்கொண்டு போய் உதவினார்கள் என்று சொல்வார்கள்.

கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தம் நடப்பதை நாம் பார்த்திருக்கிறோம். இங்கே, பிள்ளைகளின் படிப்புக்காகப் பட்டினி கிடந்தார்கள்.

பஞ்சமியும் கருகிய பெஞ்சும்

1910ஆம் ஆண்டு வாக்கில் திருவிதாங்கூர் அரசு உத்தரவு போட்டது. எல்லாப் பிள்ளைகளையும் பள்ளியில் சேர்க்கலாம் என்றது. ஆனால் பல ஊர்களில் உத்தரவு காகிதத்தோடு நின்றது.

பழைய நெய்யாற்றின்கரை தாலுகாவில் ஊரூட்டம்பலம் என்று ஓர் ஊர் உண்டு. அங்கே ஒரு பெண் பள்ளிக்கூடம் இருந்தது. பஞ்சமி என்ற சிறுமியை அய்யங்காளி அங்கே கூட்டிக்கொண்டு போனார். பஞ்சமி பெஞ்சில் உட்கார்ந்தாள். மேல்சாதியார் தங்கள் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போனார்கள். பெரும் சண்டை மூண்டது. பள்ளிக்கூடத்துக்குத் தீ வைத்தார்கள்.

ஒரு சிறுமி பெஞ்சில் உட்கார்ந்ததற்காகப் பள்ளிக்கூடத்தையே எரித்தார்கள். 'நீ இந்த ஊர் இல்லை' என்று அவளுக்குச் சொல்வதற்காக, தங்கள் பிள்ளைகளின் படிப்பையும் சேர்த்து எரித்தார்கள்.

சுற்றுவட்டாரத்தில் பல இடங்களில் கலவரம் நடந்தது. கொல்லம் ஆண்டு 1090இல், அதாவது 1914-15இல் நடந்ததால் 'தொண்ணூறாம் ஆண்டு லகளை' என்று பெயர் வந்தது. ஏழைகளின் குடிசைகள் அழிந்தன.

தீயில் ஒரு பெஞ்சு முழுதும் எரியாமல் தப்பியது. கருகிய அந்தப் பெஞ்சை அந்தப் பள்ளியில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டு அந்த அரசுப் பள்ளிக்கு அய்யங்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் வைத்தார்கள். யாரை உள்ளே விடக்கூடாது என்றார்களோ, அவள் பெயரே இன்று வாசலில் இருக்கிறது.

கடல் கடந்தும் இதே கதை

இது நம் நாட்டில் மட்டும் நடந்தது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கும் வெள்ளையர்களுக்கும் பல ஊர்களில் தனித்தனிப் பள்ளிகள் இருந்தன. 1960ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் நகரில் ரூபி பிரிட்ஜஸ் என்ற 6 வயதுக் கறுப்பினச் சிறுமி வெள்ளையர் பள்ளிக்குப் போனாள். நீதிமன்ற உத்தரவு இருந்தும், காவலர்கள் துணையோடுதான் போக முடிந்தது. மற்ற பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை மட்டும் அவளுக்குப் பாடம் நடத்தினார். ஆண்டு முழுவதும் அந்த வகுப்பில் ஓர் ஆசிரியை, ஒரு மாணவி.

உத்தரவு பள்ளிக் கதவைத் திறக்கும். உள்ளே வந்த பிள்ளைக்குப் பக்கத்தில் இடம் கொடுக்க மனிதர்கள்தான் வேண்டும். அங்கே ஓர் ஆசிரியை இருந்தார். இங்கே அய்யங்காளியும், பட்டினி கிடந்த தொழிலாளர்களும் இருந்தார்கள்.

வீட்டுப் பேச்சு, பள்ளிப் பேச்சு

நம் பகுதிக்கு இன்னொரு சேதியும் உண்டு. அமரவிளை தாண்டினால் பாறசாலை. அதற்கு அப்பால் களியக்காவிளை. அது தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது இந்த எல்லை வந்தது. விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது.

எல்லை வந்தது. உறவு அறுந்து போகவில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரு பக்கமும் நடக்கிறது. சந்தைக்கும் போகிறோம், வருகிறோம்.

ஆனால் பிள்ளைகள் பாடு என்ன? வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளரும் பிள்ளைகள் இங்கே உண்டு. பேச்சில் தமிழ் கலந்தால் 'பாண்டி' என்று கேலி. எல்லை தாண்டிப் போனால் 'மலையாளத்தான்' என்று கேலி. பிள்ளை இரண்டு இடத்திலும் வாய் மூடி நிற்கிறது. வீட்டுப் பேச்சைச் சொல்ல வெட்கப்படுகிறது. அம்மா பள்ளிக்கு வந்தால் ஒளிந்துகொள்கிறது.

இரண்டு மொழி தெரிவது குறையா? இல்லை. அது இரண்டு கை இருப்பது போல. வீடு, மரம், கை என்ற சொற்கள் இரண்டு மொழியிலும் ஒன்றுதானே! நம் அரசியல் சட்டமும் இதற்கு இடம் தருகிறது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கப் பள்ளியில் தாய்மொழியில் படிக்க வசதி செய்ய அரசு முயல வேண்டும் என்று 350ஏ பிரிவு சொல்கிறது. இது 1956இல் சேர்க்கப்பட்டது.

இன்று நம் முறை

இன்று வேறு மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் கேரளப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அவர்கள் பேச்சு வேறு. சோற்றுப் பாத்திரத்தில் இருப்பதும் வேறு. அவர்களை நம் பிள்ளைகள் எப்படிக் கூப்பிடுகிறார்கள்? கேட்டுப் பாருங்கள். நேற்று நம்மைத் தள்ளி வைத்த சொல் இன்று நம் வீட்டுப் பிள்ளையின் வாயில் இருக்கக் கூடாது.

நாம் செய்யக் கூடியவை சில:

1. பள்ளியில் நடக்கும் பெற்றோர் கூட்டத்துக்குப் போவோம். மார்க்கை மட்டும் கேட்காமல், பிள்ளைக்குக் கூட்டாளிகள் உண்டா என்றும் கேட்போம்.

2. சாதிப் பெயரும் கேலிப் பெயரும் வீட்டில் பேச மாட்டோம். பிள்ளை பேச்சைக் கற்பது முதலில் நம்மிடம்தான்.

3. வீட்டு மொழியில் பிள்ளையோடு கூச்சம் இல்லாமல் பேசுவோம். கதை சொல்வோம்.

4. ஊர் வாசகசாலையின் பாலவேதிக்கும், குடும்பஸ்ரீயின் பாலசபைக்கும் நம் பிள்ளையை அனுப்புவோம். தனியாக நிற்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூட அனுப்புவோம்.

அய்யங்காளி 1941ஆம் ஆண்டு காலமானார். கடைசிவரை பிறர் பிள்ளைகளின் படிப்புக்காகப் பாடுபட்டார். நமக்கோ இன்று எழுத்தும் தெரியும். ஊரூட்டம்பலம் பள்ளியின் பெயர்ப் பலகையை நாமே வாசிக்கலாம். ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அதை வாசித்துக் காட்டுவோம்.

கூடிப் பேசுவோம்

* பஞ்சமி உட்கார்ந்ததற்கு ஊரார் ஏன் அவ்வளவு கோபப்பட்டார்கள்?
* நம் ஊர்ப் பள்ளியில் தனியாக உட்காரும் பிள்ளை யார்? ஏன்?
* அந்தப் பிள்ளைக்காக இந்த வாரம் நாம் என்ன செய்யலாம்?