எலுவன்குளத்தில் விடுதியா? முதலில் பாதையைப் பாருங்கள்

வில்பத்து பார்க்க வருவோரை நம்பி எலுவன்குளத்தில் விடுதி போட நினைக்கும் நம்மவர்கள், கட்டிலுக்கும் குளிரூட்டிக்கும் விலை கேட்குமுன் பாதையைக் கணக்குப் பார்க்க வேண்டும்.

கொழும்பிலிருந்து புத்தளம் சுமார் 130 கிலோமீற்றர். அதுவரை கவலையில்லை. 1344இல் இப்னு பதூதாவே வந்திறங்கிய கரையல்லவா! அங்கிருந்து வடக்கே பழைய மன்னார் வீதியில் போனால் எலுவன்குளம்.

சிக்கல் கலா ஓயாவில்தான். அங்குள்ள சப்பாத்துப் பாலம் தாழ்வானது. மாரியில் மேலேயுள்ள குளங்களின் வான்கதவுகள் திறந்தால் வெள்ளம் பாலத்துக்கு மேலால் பாயும். விடுதியில் தங்கியவர் அவ்வழியே காட்டுக்குள் போக முடியாது. மன்னாரிலிருந்து மறிச்சுக்கட்டி வழியாக வந்தவர்களும் அப்போது அக்கரையில் நின்றார்கள்; மதவாச்சி, அநுராதபுரம் என்று சுற்றித்தான் வரவேண்டியிருந்தது.

1990இல் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் வந்த மன்னார் மக்களுக்கு இது சொந்த ஊருக்கான குறுக்குவழியாக இருந்தது. ஆனால் சரணாலயத்தை ஊடறுப்பதால் சுற்றாடல் அமைப்புகள் நீதிமன்றம் சென்ற வீதியும் இதுவே. எனவே மன்னார்ப் போக்குவரத்தை நம்பி அறைகளைக் கூட்டுவது புத்தியல்ல.

மாரிக்கால முன்பதிவின்போதே ஆற்றின் நிலையைச் சொல்லிவிடுங்கள். முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் நிபந்தனையையும் பற்றுச்சீட்டில் எழுதுங்கள். தண்ணீர் வடிந்த நாட்களில் கங்கேவாடியில் படகேற்றிக் கண்டல் காட்டைக் காட்டலாம். அதற்குப் பாலம் கடக்கத் தேவையில்லை.