சத்திரப்பட்டித் துணியின் கடல் பயணம்

ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறியில் நெய்யும் பேண்டேஜ் துணி தூத்துக்குடி வழியாகக் கடல் கடந்து போகிறது. வலை போன்ற அந்தத் துணிக்கு எடை கொஞ்சம்தான். இடம்தான் நிறையப் பிடிக்கும். 20 அடி கன்டெய்னருக்குள் இருப்பது ஏறக்குறைய 33 கன மீட்டர் இடம். அதனால் துணியை நன்றாக அழுத்திப் பேல் கட்டினால் கப்பல் கட்டணம் மிச்சமாகும். துறைமுகம் கன்டெய்னரை வாங்கிக்கொள்ளும் கடைசி நேரம் தவறினால் அடுத்த கப்பல்தான்! இந்தக் கணக்குகளைக் கற்றவர்களே சரக்குப் போக்குவரத்து வல்லுநர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பிள்ளைகளும் இதைப் படிக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2008-இல் தொடங்கிய இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தில் துறைமுகம், கப்பல் மேலாண்மைக்கென்றே எம்.பி.ஏ. இருக்கிறது.