கடலில் ஒரு தலை தெரிகிறதா? மீட்பு ஹெலிகாப்டர் ஓட்ட நம் பிள்ளைகளுக்கும் வழி உண்டு

2022 ஏப்ரல் 6-ஆம் தேதி. ஜொகூர் மெர்சிங் கடலில் முக்குளிக்கச் சென்ற நான்கு வெளிநாட்டினர் மேலே வந்து பார்த்தபோது, அவர்களைக் கொண்டு வந்த படகைக் காணவில்லை. நீரோட்டம் அவர்களை இழுத்துச் சென்றுவிட்டது. கப்பல்களும் விமானங்களும் தேடின. மறுநாள் காலை ஒருவர் கிடைத்தார். 9-ஆம் தேதி அதிகாலையில் மேலும் இருவரை, தெற்கே பெங்கேராங் கடற்பகுதியில் மீனவர்கள் கண்டு காப்பாற்றினர். நான்காவது நபரான பதின்ம வயதுச் சிறுவன் மட்டும் உயிரோடு மீளவில்லை.

இத்தனை விமானங்கள் பறந்தும் ஏன் உடனே கண்டுபிடிக்க முடியவில்லை என்று அப்போது பலரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மேலிருந்து பார்த்தால் கடலில் மிதக்கும் மனிதத் தலை ஒரு தேங்காய் அளவுகூடத் தெரியாது. அலை நுரைத்தால் அதுவும் மறைந்துவிடும். காணாமற்போனவர் மணிக்கு ஒரு கடல் மைல் வேகத்தில் எந்தப் பக்கமும் நகர்ந்திருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மணி நேரத்தில் தேட வேண்டிய பரப்பு ஏறக்குறைய 390 சதுர கிலோமீட்டர் ஆகிவிடும். பினாங்குத் தீவைவிடப் பெரிய இடம் அது. தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்திலும் வட்டம் விரிந்துகொண்டே போகும். அதனால்தான் காற்று, நீரோட்டம், ஆள் உயிர்காப்பு அங்கி அணிந்திருந்தாரா என்பதையெல்லாம் கணக்கிட்டு, கோடு போட்டது போல் வரிசை வரிசையாகப் பறந்து தேடுகிறார்கள்.

இந்த வேலையைச் செய்வது யார்? நம் கடற்பகுதியில் தேடி மீட்கும் பணியின் முதல் பொறுப்பு மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனத்துடையது. 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவாகி, 2005 நவம்பரில் பணியைத் தொடங்கிய நிறுவனம் இது. மக்கள் சுருக்கமாக 'மாரிடிம் மலேசியா' என்பார்கள். ஹெலிகாப்டர்களோடு, நீரில் இறங்கி எழும்பக்கூடிய போம்பார்டியர் விமானங்களும் அதனிடம் உண்டு. பெரிய சம்பவம் என்றால் அரச மலேசிய ஆகாயப்படையும் கடற்படையும் சேர்ந்துகொள்ளும். ஆகாயப்படையில் சுமார் 50 ஆண்டுகள் உழைத்த பழைய 'நூரி' ஹெலிகாப்டர்களை மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். வெள்ளக் காலத்தில் உணவுப் பொட்டலங்களோடு வந்தவை அவைதான். இப்போது அந்த வேலையை இ.சி.725 ரக ஹெலிகாப்டர்கள் செய்கின்றன. மொத்தம் 12 வாங்கப்பட்டன. முதல் இரண்டு 2012 இறுதியில் வந்து சேர்ந்தன.

"பட்டாளத்துல சேர்ந்தா சண்டைக்குத்தானே அனுப்புவாங்க?" என்று பெற்றோர் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆகாயப்படையின் ஹெலிகாப்டர் விமானி, காட்டில் வழி தவறியவரைத் தேடவும், வெள்ளத்தில் சிக்கியவரைத் தூக்கவும், கப்பலில் நோயுற்றவரைக் கரை சேர்க்கவும்தான் அடிக்கடி பறக்கிறார்.

அதற்காக இது எளிய வேலை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கடலில் இருக்கும் ஆளுக்கு நேர் மேலே ஹெலிகாப்டர் வந்து நின்றதும், விமானியின் கண்ணுக்கு அந்த ஆள் தெரிய மாட்டார். தம் காலுக்குக் கீழே இருப்பவரை எப்படிப் பார்ப்பது? கதவருகே இருக்கும் பணியாளர்தான் எட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் முன்னே, சற்று வலப்பக்கம், அப்படியே நில் என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருப்பார். விமானி கண்ணை நம்பாமல் அந்தக் குரலை நம்பி இயந்திரத்தை அசையாமல் நிறுத்த வேண்டும். விசிறிக் காற்றோ கீழே புயலாக அடிக்கும். தொங்கவிடும் கம்பிவடத்தில் நிலைமின்சாரம் சேர்ந்திருக்கும். கொக்கி முதலில் தண்ணீரைத் தொட வேண்டும், அதற்குப் பிறகுதான் ஆள் தொடலாம்.

இரவில் நிலைமை இன்னும் மோசம். வானமும் கடலும் ஒரே கறுப்பு. ஹெலிகாப்டர் சாய்ந்திருந்தாலும் நேராக இருப்பதாக உடல் பொய் சொல்லும். அப்போது கருவிகளை மட்டுமே நம்ப வேண்டும். இதையெல்லாம்விடக் கடினமானது எரிபொருள் கணக்கு. கீழே இன்னும் ஒருவர் கையசைத்துக்கொண்டிருக்கும்போதே, திரும்பிப் போக வேண்டிய அளவை முள் காட்டிவிட்டால், திரும்பித்தான் ஆக வேண்டும். அந்த முடிவை எடுப்பவர் தளபதியல்ல, அந்த இருக்கையில் இருக்கும் விமானி. அவருக்கு வயது முப்பதுகூட ஆகியிருக்காது.

இனி வழி. தனியார் விமானப் பள்ளியில் சேர்ந்தால் பல லட்சம் ரிங்கிட் ஆகும். தோட்டத்துக் குடும்பம் எண்ணிப் பார்க்க முடியாத தொகை. ஆகாயப்படையில் பயிற்சிச் செலவு அரசாங்கத்துடையது. பயிற்சிக் காலத்திலேயே அலவன்ஸும் கிடைக்கும். பதிலுக்குப் பல ஆண்டுகள் சேவை செய்யக் கட்டுப்பட வேண்டும். எஸ்.பி.எம். முடித்தவர்கள் பயிற்சி அதிகாரியாக விண்ணப்பிக்கலாம். தற்காப்புப் பல்கலைக்கழகம் வழியாகவும் போகலாம். மற்றப் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்கள் பாலாப்பேஸ் மூலம் சீருடை வாழ்க்கையை முன்கூட்டியே பழகிப் பார்க்கலாம்.

கணிதம், அறிவியல் அல்லது இயற்பியல், ஆங்கிலம் ஆகியவற்றில் நல்ல தேர்ச்சி வேண்டும். வானொலியில் விமானிகள் பேசுவது ஆங்கிலம். ஆனால் நம் பிள்ளைகள் பலர் தடுக்கி விழுவது மலாய்மொழியில்தான். மலாயும் வரலாறும் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. படிவம் 5-இல் டியூஷன் தேடி ஓடுவதைவிட, படிவம் 1-லேயே இதைக் கவனிப்பது நல்லது. தேர்வு முடிந்ததும் திறன் சோதனை, உடற்பயிற்சித் தேர்வு, நேர்காணல், கடைசியில் கடுமையான மருத்துவப் பரிசோதனை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நிறக்குருடு இருந்தால் இராணுவ விமானி ஆக முடியாது. பெண்களைவிட ஆண்களுக்கு இது அதிகம். பலருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. மூக்குக்கண்ணாடிக் கடையில் சில நிமிடங்களில் சோதித்துவிடலாம். புள்ளிகளுக்குள் எண் தெரிகிறதா என்று பார்க்கும் சோதனைதான். பல ஆண்டுகள் கனவு கண்டுவிட்டு மருத்துவர் அறையில் உடைந்துபோவதைவிட, பன்னிரண்டு வயதில் தெரிந்துகொள்வது மேல். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளும் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசுவது நல்லது.

இன்னொன்று நீச்சல். நம்மில் பலர் ஆறு, குளம் என்றாலே பிள்ளையைப் பிடித்து இழுப்போம். கடல் மேல் பறப்பவர்களோ, நீரில் கவிழ்ந்த ஹெலிகாப்டரிலிருந்து தப்பும் பயிற்சியை முடித்தாக வேண்டும். மாதிரிக் கூண்டைக் குளத்தில் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். தண்ணீரைக் கண்டு பயப்படுகிறவருக்கு அது நரகம். நகராண்மைக் கழகக் குளத்தில் கற்றுக்கொள்ள அதிகம் செலவாகாது.

தேர்வானவர்கள் முதலில் அதிகாரிப் பயிற்சி பெறுவார்கள். பிறகு அலோர்ஸ்டாரில் பி.சி.7 பயிற்சி விமானம். அங்கு தேறியவர்கள் போர் விமானம், போக்குவரத்து விமானம், ஹெலிகாப்டர் எனப் பிரிக்கப்படுவார்கள். விருப்பத்தைச் சொல்லலாம். ஆனால் மதிப்பெண்ணும் படையின் தேவையும்தான் முடிவு செய்யும். பெண் பிள்ளைகளுக்கும் கதவு திறந்தே இருக்கிறது. மேஜர் பட்ரிசியா யாப் மிக்-29 போர் விமானத்தையே ஓட்டியவர்.

பறக்கும் பயிற்சியில் பாதியில் வெளியேற்றப்படுபவர்களும் உண்டு. திறமை இல்லை என்று பொருளல்ல, குறிப்பிட்ட நேரத்திற்குள் கை பழகவில்லை என்றுதான் பொருள். அவர்களில் சிலர் வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு போன்ற வேறு பிரிவுகளில் அதிகாரியாகத் தொடர்கிறார்கள். கதவருகே நின்று விமானிக்குக் கண்ணாக இருப்பது, கம்பிவடத்தில் கடலுக்குள் இறங்குவது போன்ற வேலைகளுக்கும் ஆள் எடுக்கிறார்கள்.

வயது, உயரம், பாடத் தகுதி ஆகியவை ஒவ்வோர் ஆள்சேர்ப்பு விளம்பரத்திலும் குறிப்பிடப்படும். மலேசிய ஆயுதப்படையின் அதிகாரப்பூர்வ இணையத்தளத்தில் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம், இடைத்தரகர் யாருக்கும் ஒரு சென் கொடுக்க வேண்டியதில்லை. மாரிடிம் மலேசியா தன் ஆள்சேர்ப்பைத் தனியாக நடத்துகிறது, அந்த அறிவிப்புகளையும் சேர்த்தே பார்த்து வாருங்கள்.