ராக்கெட்டுக்கு ஒரு சாவி

தீபாவளி நெருங்கிவிட்டால் போதும், கெடா தோட்டங்களில் பையன்களுக்குக் கை துறுதுறுக்கும். கடை வாணம் அலுத்துப் போய், தாமே ராக்கெட் விட வேண்டும் என்ற ஆசை வந்துவிடும். ஆசை நல்லதுதான். ஆபத்து திரியில் இருக்கிறது. ஈரத்திரி புகைந்து நிற்கும். அணைந்துவிட்டதோ என்று பையன் குனிந்து பார்ப்பான். அந்த நேரம் பார்த்துச் சீறும். கண்ணும் விரலும் போவது அப்படித்தான்.

'அப்துல் கலாம் மாதிரி ஆகப் போகிறேன்' என்று உங்கள் மகன் சொல்கிறானா? 1963 நவம்பர் 21ஆம் தேதி, கேரளத்தின் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் புறப்பட்டபோது கலாமின் பொறுப்பு என்ன தெரியுமா? பாகங்களை இணைப்பதும் பாதுகாப்பும்தான்!

சிறுவர்களின் மாதிரி ராக்கெட்டும் பாதுகாப்பில் பிறந்ததே. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் காலணிக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல், 1954இல் தம் சகோதரர் ராபர்ட்டுடன் சேர்ந்து காகித ராக்கெட் ஒன்றைச் செய்தார். இரும்புக் குழாயில் மருந்து அடைத்து இளைஞர்கள் காயம்பட்ட காலம் அது. 1957இல் ஹாரி ஸ்டைன் என்ற ராக்கெட் பொறியாளர் அவரோடு சேர்ந்தார். அந்த வழியில் வந்த விதிகள் இரண்டு: மருந்தை வீட்டில் கலக்காதே, தீயை மின்சாரத்தால், தூரத்திலிருந்து மூட்டு.

அந்த மின்பெட்டியை மோட்டார் சைக்கிள் சாமான்களைக் கொண்டே செய்துவிடலாம். 12 வோல்ட் பேட்டரி, பியூஸ், சாவிச் சுவிட்ச், ஹார்ன் பொத்தான், மீட்டருக்குப் போடும் 3 வாட் பல்பு, இரட்டை வயர், இரண்டு கிளிப் போதும். வீட்டுச் சுவரின் 230 வோல்ட் மின்சாரத்தை மட்டும் தொடவே கூடாது.

பேட்டரியிலிருந்து பியூஸ், சாவி, பொத்தான் என்று வரிசையாக இணையுங்கள். அங்கிருந்து ஒரு வயர் ராக்கெட்டுக்குப் போகட்டும். மற்றது பேட்டரிக்குத் திரும்பட்டும். ராக்கெட்டின் அடியில் உள்ள மெல்லிய கம்பி, இஸ்திரிப் பெட்டியின் கம்பி போலச் சூடேறி மருந்தைப் பற்றவைக்கும். ஹார்ன் பொத்தான் ஏன்? விரலை எடுத்ததும் தானே அணைந்துவிடும்.

பல்பைப் பொத்தானின் இரு முனைகளிலும் இணையுங்கள். சாவியைத் திருப்பினால் பல்பு எரியும்; இணைப்பு சரி என்று பொருள். அப்போது ஓடுவது கால் ஆம்பியர்தான். பொத்தானை அழுத்தினால்தான் முழு மின்சாரம் பாயும்.

வயர் மெலிதாக இருக்கக் கூடாது. கம்பியின் தடை 1 ஓம், வயரின் தடையும் 1 ஓம் என்றால் பாதிச் சக்தி வயரிலேயே வீணாகும். பிறகு, 'பற்றவில்லையே' என்று பையன் கிட்டே போவான். தூரத்தைக் குறைக்காதீர்கள்; வயரைத் தடிப்பாக்குங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம் சாவி. கிளிப் மாட்டப் போகிறவர் சட்டைப் பையில்தான் அது இருக்க வேண்டும். அவர் திரும்பி வரும் வரை வேறு யாரும் ராக்கெட்டைக் கிளப்ப முடியாது. சிறிய ராக்கெட்டுக்கு 5 மீட்டர், பெரியதற்கு 9 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது அமெரிக்க ராக்கெட் சங்கத்தின் விதி. பற்றாவிட்டால் சாவியை எடுத்துவிட்டு 60 விநாடி காத்திருக்க வேண்டும்.

பெற்றோரே, ஒன்றை மறவாதீர்கள். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் வெடிமருந்து செய்வது 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே உரிமமும் பெரியவர் துணையும் இல்லாமல் மருந்துப் பக்கமே போக வேண்டாம். ராக்கெட் இருக்கும் இடத்தில் ஒரு சிக்னல் பல்பை மாட்டுங்கள். சாவியைத் திருப்பினால் சின்ன பல்பு எரியும். பொத்தானை அழுத்தினால் அது அணைந்து சிக்னல் பல்பு பளிச்சிடும். ஏன் என்று பிள்ளையே சொல்லட்டும். பறக்கவிடும் ஆசைக்கு, பிளாஸ்டிக் போத்தலும் சைக்கிள் பம்பும் கொண்ட நீர் ராக்கெட் இருக்கிறது. அதற்கும் விதி ஒன்றே: காற்று ஏறிய போத்தலை எட்டிப் பார்க்காதே, தள்ளி நின்று கயிற்றை இழு.